வெளியிலிருந்து ஒரு தட்டு

ராத்திரி இரண்டரை மணி இருக்கும். பஸ் டிப்போவுக்குப் பின்னால் போகிற ரோடு... ஒரு பக்கம் நீளமான மதில், இன்னொரு பக்கம் ஓடாத பஸ்கள். ஒரு நாய்கூட இல்லை. அந்த ரோட்டுக் கடைசியில் நாலைந்து வீடுகள். அங்கேதான் ராணுவ லாரி அவரை இறக்கிவிட்டுப் போனது.

இருங்கள். அந்த மூலையில் இருப்பவர் கொஞ்சம் இப்படித் தள்ளி உட்காருங்கள், கதவுக்கு முதுகு காட்ட வேண்டாம். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். அப்புறம் பாத்ரூமுக்குத் துணைக்கு வா என்று என்னை எழுப்பக் கூடாது.

இது என் நண்பன் சோடாபுட்டியின் பெரியம்மா மகளுக்கு நடந்தது. அவள் பஸ் கண்டக்டர். புருஷன் வெல்டர். கல்யாணமாகி வீட்டில் பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை, விண்வெளிச் சண்டைக்கு ஆள் எடுக்கிறோம் என்று கொண்டுபோய்விட்டார்கள். கப்பலில் ஓட்டை விழுந்தால் வெளியே தொங்கிக்கொண்டு ஒட்டுப்போடுகிற வேலை. வருஷக்கணக்கில் ஆளைக் காணோம். சொந்தக்காரர்கள் வேறு மாப்பிள்ளை பார்க்கவே ஆரம்பித்துவிட்டார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கை கால் இல்லாமல் வந்தாலும் பரவாயில்லை, அவர் வந்தால் போதும்... இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வந்தார். கை கால் எல்லாம் இருந்தது. கதவைத் திறந்தவளிடம் கையை நீட்டி, "கண்டக்டரம்மா, ஒரு டிக்கெட் குடுங்க" என்றார். அது அவர் அவளை எப்போதும் சீண்டுகிற பேச்சு. அவள் அழுத அழுகையில் பக்கத்து வீட்டில் விளக்குப் போட்டுவிட்டார்கள்.

அவர் மேல் ஒரு வாசனை இருந்தது. கருகின இரும்பு வாசனை. எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் ராத்திரி அவள் கண் விழித்தபோது பக்கத்தில் ஆள் இல்லை. வாசல் கதவருகே நின்றுகொண்டு, உள்ளேயிருந்தே தட்டிக்கொண்டிருந்தார். டொக்... டொக்... டொக். கையில் கல்யாண மோதிரம். ஒவ்வொரு தட்டோடும் சின்னதாக ஒரு 'ணங்'. அப்புறம் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார். விடிகிற வரைக்கும் நின்றார்.

தினமும் இதே கதை. டாக்டர் மாத்திரை கொடுத்துப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. கண் குழிவிழுந்து மனிதர் பாதியாகிவிட்டார். வந்தவரை மறுபடியும் இழந்துகொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு நாள் சோறு பிசைந்து கையில் கொடுத்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் கறந்தாள்.

மேலே ரேடியோவில் பேசக் கூடாதாம், எதிரிக்குக் கேட்டுவிடும். வேலைக்கு இரண்டிரண்டு பேர். ஒருவன் வெளியே, ஒருவன் உள்ளே. வெளியே இருக்கிறவன் உள்ளே வர வேண்டுமென்றால் கதவில் மூன்று தட்டு தட்டுவான். உள்ளே இருக்கிறவன் பதிலுக்கு மூன்று. அதற்கு வெளியிலிருந்து ஒன்று. அப்புறம்தான் கதவு திறக்கும். இவருக்கு ஜோடி, குள்ளன் என்று ஒருவன். ஒரு நாள் கப்பல் அவசரமாக ஓட வேண்டியதாகிவிட்டது. குள்ளன் வெளியே இருந்தான்.

"அவன் மூணு தட்டுனான். கதவுல கை வச்சிருந்தேன்... நல்லா தெரிஞ்சுது. நான் பதில் தட்டல."

"ஏங்க?"

"தட்டினா கதவைத் திறக்கணும்."

அவளுக்குப் பாதி புரிந்தது. அங்கே கொடுக்காத பதிலை இங்கே கொடுக்கிறார். வெளியிலிருந்து வர வேண்டிய அந்த ஒரு தட்டுக்காகக் காத்திருக்கிறார். விசில் கேட்காமல் வண்டியை எடுக்காத டிரைவர்களோடு வேலை பார்க்கிறவள் இல்லையா? அன்று ராத்திரி அவர் மூன்று தட்டியதும், பின்கதவு வழியாக இறங்கி, பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றி ஓடி, வாசலில் வந்து ஒரு தட்டு தட்டினாள்.

கதவு திறந்தது. அவர் அவளையே பார்த்தார். முகம் தளர்ந்தது. "நீயா... கண்டக்டரம்மா, ஒரு டிக்கெட் குடுங்க" என்றார். அன்றைக்கு அடித்துப்போட்டாற்போல் தூங்கினார்.

அதுவே அவளுக்கு ராத்திரி டியூட்டி ஆகிவிட்டது. மழையோ குளிரோ, சந்து வழியாக ஓடிப்போய் ஒரு தட்டு. அவருக்கு உடம்பு தேறியது, சிரிப்பு வந்தது. புருஷனை மீட்டுவிட்டேன் என்று அவள் நினைத்தாள், பாவி.

ஒரு நாள் வேலையில் கால் வீங்கிப்போய் வந்து படுத்தாள். அவர் எழுந்து போனது தெரிந்தது. டொக்... டொக்... டொக். போகத்தான் நினைத்தாள். கண் சொக்கியது. ஒரே ஒரு ராத்திரிதானே...

டொக்.

ஒன்று. வெளியிலிருந்து.

அலறிப்புடைத்துக்கொண்டு ஓடினாள். அவர் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டார்.

"திறக்காதீங்க. அது நான் இல்லைங்க. நான் உள்ள இருக்கேன்... என்னைப் பாருங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் பயமே இல்லை. "நீ உள்ளயா இருக்க?" என்று மெல்லச் சிரித்தார். "அப்ப அவன்தான்."

கையைப் பிடித்துத் தொங்கினாள். உதறிவிட்டுத் திறந்தார். ரோடு காலி. மதில், பஸ்கள். ஆனால் இடுப்பு உயரத்துக்கு ஒரு குளிர் அவளை உரசிக்கொண்டு உள்ளே போனது... கருகின இரும்பு வாசனையோடு. அவர் வாசலைத் தாண்டி இருட்டில் ஓர் எட்டு வைத்தார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே வந்து, தாழ்ப்பாள் போட்டு, போய்ப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் ராத்திரியில் எழுந்திருக்கவே இல்லை. சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். அவள் மட்டும் ஒன்றைக் கவனித்தாள், விரலில் மோதிரம் இல்லை. கேட்டதற்கு, எங்கேயோ விழுந்திருக்கும் என்றார். ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள், வாசலிலேயே நின்று, "என்னங்க, இன்னைக்கு டிக்கெட் வேணாமா?" என்று அவளாகவே கேட்டாள்.

"எந்த டிக்கெட்?" என்றார்.

அன்று ராத்திரி வாசல் கதவில் சத்தம் கேட்டது. டொக்... டொக்... டொக். ஒவ்வொன்றோடும் சின்னதாக ஒரு 'ணங்'.

அவள் எழுந்திருக்கப் போனாள். முடியவில்லை. பக்கத்திலிருந்து ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது, ஐஸ் மாதிரி.

"பதில் தட்டாத" என்றது இருட்டில் அந்தக் குரல். "தட்டினா கதவைத் திறக்கணும்."

இன்றுவரை இப்படித்தான். ராத்திரியில் பிடி தளர்வதில்லை. கத்தினாலும் குரல் வருவதில்லை. பகலில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, வாங்க வாங்க என்று ரோட்டைப் பார்த்துக் கூப்பிடுகிறாளாம். யார் வருகிறார்கள்? வீட்டை விட்டு வந்துவிடேன் அக்கா என்று சோடாபுட்டி கெஞ்சியிருக்கிறான்.

"நான் போயிட்டா அவர் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்?" என்றாளாம்.

நேற்று அவனுக்குப் போன் செய்திருக்கிறாள். அழவில்லையாம். இவ்வளவு நாளும் மூன்று தட்டு கேட்டதாம், நாளுக்கு நாள் சத்தம் தேய்ந்துகொண்டே.

இப்போது இரண்டுதான் கேட்கிறதாம்.