கண்ணாடிக் குப்பியில் இருபது நிமிஷம்

— இனுவாண்ணே, முதல்ல அந்தப் பையைக் கொண்டுபோய் வெளிய வைங்க. செத்த பாம்பை யாராவது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வருவாங்களா?

— என்ன பாம்புன்னு கேப்பீங்கல்ல, ரிஃப்காத்து சிஸ்டர்? அதான். சுருட்டை விரியன். மண்வெட்டியால தலையைத் துண்டாக்கிட்டேன்.

— நல்லா துண்டாக்கினீங்க போங்க. தபாவா, காலை நீட்டும்மா. ஐயோ, இவ்வளவு இறுக்கமாவா துணி கட்டுவாங்க? பாதம் பூரா வீங்கிக் கறுத்திருக்கு!

— எல்லாம் இவரு கைவேலைதான் சிஸ்டர். கழுதை மேல மூட்டை கட்டுற மாதிரி கட்டிட்டாரு. சோளக்காட்டுல கல்லைப் புரட்டினேனா, சர்ர்ருனு ரம்பம் அறுக்கிற சத்தம். சனியன் செதிலோட செதிலை உரசிட்டுக் கிடக்கு. காலை எடுக்கறதுக்குள்ள கணுக்கால்ல ஒரு போடு!

— முதல் மழை விழுந்ததும் அதுவும் வெளிய வரும், நீங்களும் உழ இறங்குவீங்க. வருஷா வருஷம் இதே பாடுதான். இதோ பாரு, உன் ரத்தத்தை இந்தக் கண்ணாடிக் குப்பியில விட்டிருக்கேன். இருபது நிமிஷம் யாரும் ஆட்டக்கூடாது. உறைஞ்சுதுன்னா விஷம் ஏறலை. தண்ணியாவே இருந்தா ஊசி.

— இருபது நிமிஷம் எதுக்கு சிஸ்டர்? இப்பவே போட்டு விட்ருங்க!

— கையில ஒரே ஒரு டோஸ் விஷமுறிவு மருந்துதான் இருக்குண்ணே. அடுத்த பெட்டி தலைநகர் அபுஜாவுலேருந்து திங்கக்கிழமைதான் வரும். தேவையில்லாம போட்டுட்டு அப்புறம் நான் எங்க போறது? இருங்க, அந்தப் பக்கம் ஒரு பிரசவம், பாத்துட்டு வந்துடறேன்.

— என்னங்க, வாயெல்லாம் ஒரே சிவப்பா இருக்கு?

— கோலாக்கொட்டை மென்னேன், தபாவா.

— பொண்டாட்டி சாகக் கிடக்கா, ஐயாவுக்குக் கோலாக்கொட்டை கேக்குதாக்கும்! நான் கண்ணை மூடினா மறுமாசமே ஒருத்தியைக் கூட்டிட்டு வந்துருவீங்க.

— வாயைக் கழுவுடி. நீ இல்லாத வீட்டுல எனக்கு என்ன வேலை? அந்த மருந்து உனக்குத்தான். பயப்படாதே.

— பயமாத்தாங்க இருக்கு. சின்னவளுக்கு இன்னும் பால்கூட மறக்கலையே.

— சிஸ்டர் வந்துட்டாங்க. சிஸ்டர், பாருங்க, சீக்கிரம் பாருங்க!

— பொறுங்க, சாய்க்கிறேன். அட! ஒட்டிப் பிடிச்சுக்கிட்டு அசையவே மாட்டேங்குது. உறைஞ்சிருச்சு தபாவா! பல்லு பட்டிருக்கு, விஷம் இறங்கலை. வீக்கமெல்லாம் உங்க வீட்டுக்காரர் கட்டின கட்டால வந்தது. நாளைக்கு வரைக்கும் இங்கயே இரு, அடிக்கடி பாத்துக்கறேன். ஊசி வேண்டாம்.

— அல்லா காப்பாத்திட்டான்! கேட்டீங்களாங்க? இப்ப போய் எதுக்கு அழறீங்க?

— சிஸ்டர், நிச்சயமா இவளுக்கு அந்த மருந்து வேண்டாமா?

— வேண்டவே வேண்டாம்ணே.

— அப்போ அதை எனக்குப் போடுங்க. வெட்டின தலைதானேன்னு கையால எடுத்துப் பையில போட்டேன். கட்டைவிரலைக் கவ்விருச்சு. வாயில இருக்கிற சிவப்பு கோலா இல்லை, ரத்தம்.