டிரையர் குழாயில் மைனாக் குஞ்சுகள்

மைனாக் குஞ்சைக் கையில் வைத்திருப்பவனை யாருக்கும் பிடிக்காமல் போவதில்லை. இதை நான் பெடாஸ் என்ற ஊரில் ஓர் ஏணியின் மேல் நின்றபடி கண்டுபிடித்தேன். அதுவரை என்னை யாரும் அப்படி அன்பாகப் பார்த்ததில்லை, என் மனைவி அகதா உட்பட.

என் பெயர் எட்வர்ட். லுக்குட் பக்கத்து எஸ்டேட்டில், செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை பார்த்தேன். ஆலையை மூடியதும் வீட்டில் உட்கார்ந்து அகதாவின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தேன். தொல்லை தாங்காமல் அவள்தான் சிரம்பானில் டெரன்ஸ் நடத்தும் பயிற்சிக்கு என்னைத் தள்ளிவிட்டாள். இப்போது மூலைக்கு மூலை டோபிக் கடை. காசு போட்டால் ஒரு மெஷின் துவைக்கும், இன்னொன்று காயவைக்கும். காயவைக்கும் டிரையரின் சூடான காற்று ஒரு குழாய் வழியாகச் சுவருக்கு வெளியே போகும். துணியிலிருந்து உதிரும் பஞ்சு அந்தக் குழாயை அடைத்தால் தீப்பிடிக்கும். அந்தக் குழாயைச் சுத்தம் செய்வதுதான் தொழில்.

எப்படித் தீப்பிடிக்கும் என்று முதலில் சொல்லிக்கொடுத்தார்கள், எப்படித் தடுப்பது என்று பிறகு. இரண்டிலும் நான் கெட்டிக்காரன். டெரன்ஸ் என்னைவிட வயதில் சின்னவர், ஆனாலும் சார் என்றுதான் கூப்பிட்டேன். கருகல் வாடை வந்தால் மெஷினை நிறுத்து, கேஸை அடை, ஆளை வெளியே அனுப்பு என்று அவர் தூக்கத்திலும் சொல்லக்கூடியவர். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கினேன். சான்றிதழுக்கு அகதா கண்ணாடிச் சட்டம் போட்டு, ஏசுநாதர் படத்துக்குக் கீழே மாட்டினாள்.

வேலை வந்தது, மரியாதை வரவில்லை. மூட்டை நிறையப் பஞ்சை இழுத்துவந்து காட்டுவேன். கடைக்காரர் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், அங்கே ஓரமாக வைத்துவிட்டுப் போங்கள் லா என்பார். அந்த மூட்டைக்குள் ஒரு தீ இருந்தது, அதை நான் வராமல் செய்திருந்தேன். வராமல் போன தீயை யார் பார்க்கிறார்கள்? எனக்கு வயிறு எரியும்.

அப்போதுதான் பெடாஸ். குழாய் வாயில் வலை கழன்று, உள்ளே மைனா கூடு கட்டியிருந்தது. மூன்று குஞ்சுகளையும் உள்ளங்கையில் ஏந்தி இறங்கினேன். துணிக்குக் காத்திருந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். ஒரு மலாய்க்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைக்காரரே ஓடிப்போய் எனக்குத் தே தாரிக் டீ வாங்கிவந்தார். மறுநாள் என் படம் வாட்ஸ்அப்பில் தம்பின் ஊர் வரைக்கும் போனது.

அதன் பிறகு பல வாரம் குழாய்களில் வெறும் பஞ்சுதான். ஆகவே நான் கொஞ்சம் ஒத்தாசை செய்தேன். செம்பனை மரத்தில் மட்டை இடுக்குகளில் மைனா தாராளமாகக் கூடு கட்டும். ஒரு கூட்டை அலுங்காமல் எடுத்துவந்து, ஓடாமல் நிற்கும் டிரையராகப் பார்த்து அதன் குழாயில் வைப்பேன். பிறகு சுத்தம் செய்ய வந்து, நாலு பேர் முன்னால் காப்பாற்றுவேன். கடைக்காரருக்குச் சந்தோஷம், பிள்ளைகளுக்குச் சந்தோஷம். குஞ்சுகளை வீட்டுக்குக் கொண்டுபோய் வாழைப்பழம் ஊட்டினேன். மனிதக் கையில் மைனாக் குஞ்சு அவ்வளவாகப் பிழைப்பதில்லை. பிறகு என்னவாயிற்று என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

லுக்குட்டில் ரோகினியின் கடை. அவளுடைய அப்பா நல்லசாமி, பழைய லாரி டிரைவர், கடையைப் பார்த்துக்கொள்வார். ஆயுத பூஜைக்கு மறுநாள் குழாய் சுத்தம் செய்ய வரச் சொல்லியிருந்தார்கள். நான் சர்ச்சுக்குப் போகிறவன். ஆனாலும் எஸ்டேட் லயத்து வீட்டில் எல்லோரோடும் வளர்ந்தவன். பூஜையன்று மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து ஓட்டாமல் ஓய்வு கொடுப்பார்கள் என்று தெரியும். அதனால் அன்று காலையிலேயே கூட்டை வைத்துவிட்டேன்.

எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. பூஜை முடிந்ததும், லாரிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி ஓட்டிப் பார்ப்பது போல, நல்லசாமி மெஷின்களையும் வெறுமனே ஒரு சுற்று ஓடவிடுவார். சின்ன வயதிலிருந்தே சுண்டல் கைக்கு வந்ததும் நான் கிளம்பிவிடுவேன். அதற்குப் பிறகு நடப்பதை நான் பார்த்ததே இல்லை.

அன்றைக்கே ரோகினி போன் செய்தாள். "அண்ணே, டிரையர்ல கருகல் வாடை வருது. ஆஃப் பண்ணிரவா?"

நான் நிதானமாக யோசித்தேன். நிறுத்தினால் பெரியவர் சும்மா இருக்கமாட்டார், ஸ்பேனரை எடுத்துக் குழாயைக் கழற்றுவார். கூட்டை அவர் எடுப்பார். அதுவும் அந்த நேரத்துக்கு அதில் காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

"நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்கம்மா," என்றேன். "சுவிட்சக்கூட."

நேராகக் கடைக்குப் போகவில்லை. மோட்டார் சைக்கிளைச் செம்பனைத் தோட்டத்துக்கு விட்டேன். ஒரு மரத்தில் தாய் மைனா தலைக்கு மேல் கத்திக்கொண்டிருக்க, மூன்று குஞ்சுகளைச் சாப்பாட்டு டப்பாவில் எடுத்துக்கொண்டேன். நல்ல கொழுகொழுக் குஞ்சுகள்.

போய்ச் சேர்ந்தபோது கடை முழுக்கப் புகை. ரோகினி வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். நல்லசாமி உள்ளே மெஷினுக்குக் காவல் நின்றார். எட்வர்ட் தம்பி வரும்வரை எவனும் தொடக்கூடாது என்று இருமலுக்கு நடுவில் மகளையே விரட்டியிருக்கிறார். என் வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு கொடுத்த மனிதர் அவர் ஒருவர்தான். நான் மெஷினை நிறுத்தினேன், கேஸை அடைத்தேன், அவரை வெளியே கொண்டுவந்தேன், எல்லாம் படித்தபடி. பிறகு டப்பா இருந்த பையோடு ஏணியில் ஏறிக் கையைச் சுட்டுக்கொண்டு, மூன்று குஞ்சுகளோடு இறங்கினேன். கை தட்டினார்கள். பெடாஸில்கூட அவ்வளவு தட்டவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் நல்லசாமியை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

மறுநாள் குழாயைப் பார்க்க ரோகினி டெரன்ஸை வரவழைத்தாள். அவர் உள்ளேயிருந்து கருகிய கூட்டை எடுத்து செய்தித்தாளில் வைத்தார். அதில் மூன்று இருந்தன.

ரோகினி மூன்றையும் எண்ணிப் பார்த்தாள். "அப்ப நீங்க கையில கொண்டாந்தது எந்தக் குஞ்சுண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

பொய் சொல்லிப் பழக்கமில்லை, சொல்லிவிட்டேன். டெரன்ஸ் சாரே வீட்டுக்கு வந்து சான்றிதழைக் கழற்றிக்கொண்டு போனார். அகதா என்னோடு பேசுவதில்லை. நல்லசாமி சிரம்பான் ஆஸ்பத்திரியில் இன்னமும் மூக்கில் மாட்டிய குழாய் வழியாகத்தான் மூச்சு விடுகிறார். தம்பி எங்கே, பார்க்க வரவில்லையே என்று கேட்கிறாராம், அவரிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை. புகை என்ன செய்யும் என்று போனை வைக்கும்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் தோட்டத்துக்குப் போனேன். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். தோட்டத்தில் பாம்பு அதிகம், அந்தக் கூட்டுக்கு என்றைக்காவது ஒன்று வந்தே இருக்கும். அந்த மூன்று குஞ்சுகளும் இன்று உயிரோடு இருக்கின்றன என்றால், அவற்றைக் காப்பாற்றியது நான்தான்.