கடைசி ஸ்டாப்பில் இறங்காதவர்

— அண்ணி, கடைசி ஸ்டாப் வந்தாச்சு.

— தெரியுது.

— எல்லாரும் இறங்கிட்டாங்க.

— அதுவும் தெரியுது. நாள் பூரா ஊசியில நூல் கோக்கிறவ நான். கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு.

— அப்போ இறங்கலையா? பட்டன் வாங்கணும்னு சொல்லித்தானே ஏறுனீங்க?

— வாங்கணும்தான்... கால் மரத்துப்போச்சு. இரு, இறங்குறேன்.

— நேத்தும் பட்டன்தான்.

— நேத்து சட்டைப் பட்டன். இன்னைக்கு கோட்டுப் பட்டன்.

— நம்ம தெருவுல யாரு அண்ணி கோட்டு போடுறது?

— ஏன்... வக்கீல் இல்ல?

— அவரு வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயி எவ்வளவு நாளாச்சு.

— நீ டிரைவர். வண்டி ஓட்டுற வேலைய மட்டும் பாரு தம்பி. உங்க அண்ணன்கூட என்னை இவ்வளவு கேள்வி கேட்டதில்ல, கல்யாணம் ஆன நாள்லேருந்து.

— அண்ணன் எதைத்தான் கேட்டாரு...

— என்ன இது, ஏசி நின்னுபோச்சு?

— நான்தான் நிறுத்துனேன். நிக்கிற வண்டிக்கு எதுக்கு குளிரு? கரண்ட் தண்டம். ஜன்னலைத் தள்ளுங்க, காத்து வரும்.

— அடேயப்பா. இந்தக் கரண்ட் பஸ் கைக்கு வந்ததுலேருந்து நீ ஆளே மாறிட்ட. முன்னாடியெல்லாம் ஃபேனைச் சுத்த விட்டுட்டு வீட்டைப் பூட்டிட்டுப் போற ஆளு. இப்போ உங்க அண்ணன் குளிச்சிட்டிருக்கும்போதே பாத்ரூம் லைட்டை அணைச்சிட்டுப் போற.

— உள்ள ஆள் இருக்கிறது தெரியல அண்ணி. மனுஷன் ஒரு சத்தம் குடுக்க வேணாமா?

— அவரு எந்தக் காலத்துல சத்தம் குடுத்தாரு? இருட்டுலயே குளிச்சி முடிச்சி வெளிய வந்து, 'கரண்ட் போயிடுச்சு போல'ன்னாரு. சோப்பு நுரை காதுலயே இருக்கு.

— நீங்க பேச்சை மாத்துறீங்க.

— நான் என்ன மாத்துனேன்?

— சரி, உங்க பட்டனை விடுங்க. நம்ம தெரு மருந்துக்கடைக்காரர் தினமும் எங்க வர்றாரு? கேட்டா, பல்லு காட்டப் போறேங்கறாரு.

— பாவம், பல்வலி.

— தினமும் சாயங்காலமா? ஒரு மனுஷன் வாயில அவ்வளவு பல்லா இருக்கு? நானும் பாக்குறேன், பல் டாக்டர் வீட்டுப் பக்கமே திரும்பல. அதோ, அந்த பெஞ்சுல உக்காந்து செல்லைப் பாத்துட்டு, நான் கிளம்பும்போது திரும்ப நம்ம வண்டியிலயே ஏறிடறாரு.

— காத்து வாங்குறாரோ என்னவோ.

— மெக்கானிக்?

— அவருக்கு என்ன?

— ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க வர்றாராம். கையை வீசிட்டு வர்றாரு, கையை வீசிட்டே திரும்புறாரு. தெருவுல பாதிப் பேரோட பைக் அவரு கடையிலதான் நிக்குது. ஒண்ணை எடுத்துட்டு வந்தா வேணாங்கறாங்களா?

— ப்ஹ்...

— சிரிக்காதீங்க அண்ணி.

— சிரிக்கல. தும்மல் வந்துச்சு.

— எனக்குப் புரியாம இல்ல. வண்டியில எத்தனை பேரு ஏறுறாங்கன்னு கணக்கெடுக்க ஆபீஸ்லேருந்து ஆள் வரப்போறாருன்னு நான் வீட்ல சொன்னேன். மறுநாள்லேருந்துதான் இந்தக் கூத்து. தெருவையே நீங்கதான் கிளப்பி விட்டிருக்கீங்க.

— நானா? நான் பாட்டுக்கு மாடியில உக்காந்து தைச்சிட்டிருக்கேன்.

— அண்ணி...

— சரி, நான்தான். என்ன இப்போ? வேற வழி? ஆபீஸ்ல என்ன சொன்னாங்கன்னு நீயே வந்து சொல்லிட்டு, சாப்பாடு இறங்காம உக்காந்திருந்தியே.

— 'இந்தத் தெருவுக்கு பஸ்ஸே தேவையில்ல. எல்லாரும் பைக், கார்னு வச்சிருக்காங்க. காலியா ஓடுற வண்டிய வேற பக்கம் மாத்திடலாம்'னாங்க. நான் நடையா நடந்து, கெஞ்சிக் கூத்தாடி வாங்குன வண்டி அண்ணி. புகை விடாத வண்டி முதல்ல நம்ம தெருவுக்கு வரட்டும்னு எவ்வளவு ஆசையா...

— தெரியாதா எனக்கு.

— வந்துச்சு. ஆனா ஆளே இல்ல. பழைய வண்டியில நிக்கக்கூட இடம் இருக்காது. குலுக்கும், புகையடிக்கும், சீட்டெல்லாம் கிழிஞ்சு பஞ்சு பறக்கும். அதுல ஏற அடிச்சிக்கிட்டாங்க. இது பளபளன்னு வந்து நிக்குது, ஒருத்தரும் ஏறல. எனக்கு எவ்வளவு அவமானமா இருந்துச்சு தெரியுமா?

— ஏறலன்னு சொல்லாத. ஏற முடியல.

— அதான் அப்புறம் தெரிஞ்சுதே.

— யாரால தெரிஞ்சுது?

— உங்களாலதான், ஒத்துக்கிறேன். எத்தனை தடவைதான் ஒத்துக்கிறது?

— கேக்க நல்லாயிருக்கு, அதான். அந்தப் பழைய வண்டி தெருமுனையில திரும்பும்போதே நம்ம வீட்டு அலமாரியில பாத்திரமெல்லாம் ஆடும். அந்தச் சத்தம் கேட்டப்புறம்தான் நம்ம ஆளுங்க செருப்பையே மாட்டுவாங்க. டைம் பாத்து ஸ்டாப்புல போயி நிக்கிற பழக்கம் நம்ம தெருவுல யாருக்கு இருந்துச்சு? உன் வண்டி பூனை மாதிரி வருது, பூனை மாதிரி போயிடுது. நான் மாடி ஜன்னல்லேருந்து பாக்குறேன், நீ வந்து, நின்னு, போயே போயிட்ட. அதுக்கப்புறம் ஸ்கூல் டீச்சர் பையைத் தூக்கிட்டு வெளிய வந்து, 'இன்னைக்கும் வண்டி லேட்டு போல'ங்கறாங்க.

— லேட்டா? நானா?

— கொஞ்ச நேரம் நின்னு பாப்பாங்க. அப்புறம் வீட்டுக்காரர் பைக்ல ஏறிப் போயிடுவாங்க. எல்லா வீட்லயும் இதே கதைதான். வீட்டுக்குள்ள உக்காந்து, வராத சத்தத்துக்குக் காத்திருந்தா வண்டி எப்படிக் கிடைக்கும்?

— ஹாரன் அடிக்கலாம்னு பாத்தா, ஆஸ்பத்திரி இருக்கு, அடிக்கக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்காங்க.

— அதான் நான் இருக்கேனே.

— இருக்கீங்களே. 'வண்டி வருதூ'ன்னு மாடியிலேருந்து நீங்க போடுற சத்தத்துல, ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவங்களே எழுந்து வந்து ஏறிடுவாங்க போல. பழைய இன்ஜினே தேவலாம்னு டீச்சர் சொல்றாங்க.

— சொல்வாங்க, சொல்வாங்க. அவங்க பிளவுஸ் என்கிட்டதான் இருக்கு. பாத்துக்கிறேன்.

— ஆமா, சாயங்காலம்தான் நீங்க வண்டிக்குள்ள இருக்கீங்களே. இப்போ யாரு கத்துறா?

— உங்க அண்ணன்.

— அண்ணனா? கத்துறாரா?

— கத்துனா உலகம் அழிஞ்சிடாதா? ஒவ்வொரு வீட்டுக் கதவா மெல்லத் தட்டி, 'வண்டி வரப்போகுதுங்க'ன்னு சொல்லிட்டுப் போறாரு. அதுக்காக எவ்வளவோ முன்னாடியே கிளம்பிடறாரு. அவரு வந்து அப்படிப் பணிவா நிக்கிறதைப் பாக்க எல்லாருக்கும் சங்கடமாப் போச்சு. 'நீங்க வர வேண்டாங்க, நாங்களே டைமைப் பாத்து வந்துடறோம்'னு வண்டி வர்ற நேரத்தை மனப்பாடம் பண்ணிட்டாங்க.

— அதான் இப்போ நான் வர்றதுக்கு முன்னாடியே ஸ்டாப்புல நிக்கிறாங்களா...

— என் தொண்டையால ஆகாதது அவரோட கூச்சத்தால ஆச்சு.

— கணக்கெடுக்க ஆபீஸ்லேருந்து அந்த மூக்குக்கண்ணாடிக்காரர் முதல் நாள் ஏறுனாரே... எனக்கு ஒரே பயம் அண்ணி. கண்ணாடியில பாத்தா, வண்டி நிறைய நம்ம தெரு.

— எனக்கு மட்டும் என்ன? கையில இருந்த டிக்கெட்டை நாலா மடிச்சிட்டிருந்தேன்.

— அவரு மருந்துக்கடைக்காரர்கிட்ட, 'எங்க போறீங்க'ன்னு கேட்டாரு. 'பல்லு'ன்னாரு. பக்கத்துல மெக்கானிக்கைக் கேட்டாரு. அவரும் 'பல்லு'ன்னுட்டாரு.

— ஸ்பேர் பார்ட்ஸ்னு சொல்லச் சொல்லித்தான் அனுப்புனேன். பதட்டத்துல மறந்துட்டாரு.

— டீச்சரைக் கேட்டா, 'துணைக்குப் போறேன்'னாங்க. யாருக்குத் துணைன்னு அவரு கேக்கலையே, அதுவரைக்கும் பொழச்சோம்.

— அன்னைக்குத்தான் மருந்துக்கடைக்காரரும் மெக்கானிக்கும் ஒரே சீட்டுல உக்காந்தாங்க. கவனிச்சியா? மெக்கானிக் கடை முன்னாடி மருந்துக்கடைக்காரர் காரை நிறுத்துன தகராறுல, முகம் குடுத்துப் பேசி எவ்வளவு காலமாச்சு. ஆளுக்கொரு பல்லைச் சொன்னதுலேருந்து இப்போ பிரியவே மாட்டேங்கறாங்க.

— அதைத்தான் அண்ணி நான் தினமும் கேட்டுட்டு வர்றேன். பழைய வண்டியில பின்னாடி யாரு என்ன பேசுனாலும் முன்னாடி எனக்கு ஒரு வார்த்தை விழாது. இதுல எல்லாம் விழுது. டீச்சர் யாரையாவது கிண்டல் பண்றது, மெக்கானிக் சிரிக்கிறது... 

— என்ன, குரல் ஒரு மாதிரி போகுது?

— ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது.

— சொல்லு முதல்ல. கோவிச்சுக்கிறதை அப்புறம் பாக்கலாம்.

— கணக்கெடுப்பு முடிஞ்சிடுச்சு.

— ம்.

— வண்டி நம்ம தெருவுக்கேன்னு முடிவும் பண்ணிட்டாங்க. போன வாரமே. டிப்போவுல கூப்பிட்டுச் சொன்னாங்க.

— ம்.

— என்ன 'ம்'முங்கறீங்க? திட்டுங்க அண்ணி. அன்னைக்கே வந்து சொல்லியிருக்கணும். வீட்டுக்கு வருவேன், வாயைத் திறப்பேன்... சொல்லிட்டா மறுநாள் யாரு வருவா? திரும்பவும் காலி சீட்டைக் கண்ணாடியில பாத்துக்கிட்டு ஓட்டணுமே. அந்தப் பயம்தான். நான் ஒருத்தன் சந்தோஷப்படணும்னு, இத்தனை பேரு வேலைவெட்டிய விட்டுட்டு இந்தக் கடைசி ஸ்டாப்புல வந்து சும்மா உக்காந்துட்டுப் போறீங்க. எனக்காக நீங்க தெருவையே கிளப்பி விட்டீங்க. பெத்தவ செய்யற மாதிரி செஞ்சீங்க. நான் உங்களை ஏமாத்திட்டேன்.

— முடிச்சிட்டியா?

— ம்.

— அந்தக் கண்ணாடிக்காரர் போன வாரம் மாடியேறி வந்தாரு. பேண்ட் நீளமாம், மடிச்சுத் தைக்கணுமாம். நான் தைச்சு முடிக்கிற வரைக்கும் உக்காந்து எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் போனாரு. டிப்போவுல உன்கிட்ட சொல்றதுக்கு முன்னாடியே எங்களுக்குத் தெரியும்.

— எங்களுக்குன்னா?

— தெருவுக்கே.

— தெரிஞ்சிருந்துமா தினமும் ஏறுனாங்க? மருந்துக்கடைக்காரர் இன்னைக்குக்கூட பல்லுன்னுதான் சொன்னாரு.

— அவரு காரை வித்துட்டாரு. வாரம் முழுக்க எடுக்காம நின்னதுல தூசி படிஞ்சு கிடந்துச்சு. இது எதுக்கு நமக்குன்னு குடுத்துட்டாரு. இனிமே கடைச் சரக்குக்கு இந்த வண்டியிலதான் வருவாரு. பல்லுன்னே சொல்லிச் சொல்லி, இப்போ மாத்திச் சொல்ல வெக்கமாம்.

— மெக்கானிக்?

— பைக் ரிப்பேர் குறைஞ்சு போச்சுன்னு முதல்ல என்கிட்ட சண்டைக்கு வந்தாரு. இப்போ பழைய சைக்கிளா வாங்கிச் சரி பண்ணி, நம்ம ஸ்டாப் பக்கத்துல வாடகைக்கு விடப் போறாராம். பின் தெருக்காரங்க வண்டியைப் பிடிக்க வசதியா இருக்கும்ல. அதைத்தான் இங்க சுத்திச் சுத்தி விசாரிக்கிறாரு.

— எல்லாரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கிட்டீங்க... சரி, நல்லாயிருங்க. ஆனா நீங்க? உங்களுக்கு இங்க ஒரு வேலையும் இல்லையே அண்ணி. இறங்குறதுகூட இல்ல. இந்த ஜன்னல்கிட்ட உக்காந்துட்டு, என்கூடவே திரும்பிடறீங்க. எனக்காகத்தானே?

— அதோ, எதிர்ல பச்சை ஷட்டர் போட்ட கடை தெரியுதா? நீ 'வண்டியே போயிடும் போல அண்ணி'ன்னு வந்து நின்ன அன்னைக்கு மத்தியானம்தான், அதை வாடகைக்குப் பேசி சாவியை வாங்கிட்டு வந்திருந்தேன். வண்டி இல்லன்னா நான் எப்படி இங்க வந்து தையல் கடை திறக்கிறது? சாப்பாடு இறங்காம உக்காந்தது நீ மட்டும் இல்ல. இறங்கித் திறக்க தைரியம் வராம தினமும் இங்கேருந்தே பாத்துட்டுப் போனேன்; நாளைக்குத் திறக்கிறேன், நாளைலேருந்து இறங்குறேன்... உனக்காகத்தான் அண்ணி தெருவையே கிளப்புனாங்கன்னு நீ மனசுக்குள்ள பெருமையா நினைச்சுக்கிட்டிருந்த, அதைக் கெடுப்பானேன்னுதான் இவ்வளவு நாள் சொல்லல.