சிந்திய அரிசி

நல்ல எலுமிச்சை கிடைப்பது இப்போதெல்லாம் கஷ்டமாக இருக்கிறது, ஐயா. வெறும் தோல்தான், சாறே இல்லை. எங்கள் தொழிலுக்குச் சாறு நிறைய வேண்டும். அதில் பாஷாணத்தைக் கரைத்து, நாங்கள் அடிக்கும் கெரிஸ் என்கிற குத்துக்கத்தியைக் கழுவினால் இரும்பு கறுத்துப்போகும். அதனோடு மடித்து அடித்த வெள்ளை உலோகம் மட்டும் வரிவரியாகத் தெரியும். அதுவரை உள்ளே என்ன கோலம் இருக்கிறது என்று அடித்தவனுக்கே நிச்சயமில்லை.

சில கோலங்களைத் திட்டமிட்டு முறுக்கிக் கொண்டுவரலாம். 'சிந்திய அரிசி' அப்படி வராது. தானாக விழ வேண்டும். கடவுள் கொடுப்பது என்பார்கள். எனக்குக் கொடுக்கவே இல்லை. என் தங்கை லஸ்மியின் புருஷன் துகிரான், என்னிடம் சம்மட்டி பிடிக்க வந்தவன், அவன் கைக்கு அடுத்தடுத்து விழுந்தது. சோலோ நகரத்திலிருந்து கத்தி வாங்க வருகிறவர்கள் என்னைத் தாண்டிப் போய் அவனிடம் பேசினார்கள். அவன் நல்லவன். தனக்கு விழுந்ததற்காக என் முன்னால் கூச்சப்பட்டான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கத்தி கழுவும் நாளில், கோலம் தெரியும்வரை நான் வாய் திறப்பதில்லை. விரதம். அன்று மரத்தொட்டி விரிசல் விட்டிருந்ததால் பாஷாணச் சாற்றை வீட்டுக் கிண்ணத்தில் கலக்கி வைத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

துகிரான் வெயிலில் கரி மூட்டை இறக்கிவிட்டு வந்தான். கிண்ணத்தைக் கையில் எடுத்தான்.

"மச்சான், இது லஸ்மி கரைச்சு வெச்ச எலுமிச்சைச் சாறுதானே?"

நான் அவனைப் பார்த்தேன்.

"அட, இன்னிக்கு நீங்க ஊமைச்சாமி ஆச்சே, மறந்துட்டேன். குடிக்க வேணாம்னா தலையாட்டுங்க, வெச்சிடறேன்."

தலையாட்டுவதும் பேச்சுதான் என்று எனக்குப் பட்டது. அவன் பாதியைக் குடித்துவிட்டு, "சக்கரையே போடல பாருங்க அவ" என்று சிரித்தான்.

மறுநாள் விடிவதற்குள் செத்துப்போனான். வாந்தி பேதி என்றாள் லஸ்மி. நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். ஆனால் அதற்கு முன்பே, அன்று மாலையே, மிச்சச் சாற்றில் என் கத்தியைக் கழுவியிருந்தேன். சிந்திய அரிசி விழுந்திருந்தது. என் விரதத்துக்குக் கிடைத்த பலன் என்று ஊரே சொன்னது. லஸ்மியும் அழுதுகொண்டே அதைத்தான் சொன்னாள். அவள் முகத்தை அதற்குப் பிறகு நான் நேராகப் பார்த்ததில்லை. வெட்கமாக இருக்கிறது, ஐயா.

வாய் திறந்திருந்தால் கோலம் கெட்டிருக்கும் என்றுதான் எனக்கு நானே சொல்லிவந்தேன். எங்கள் தொழிலில் யாரைக் கேட்டாலும் அதையே சொல்வார்கள்.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அன்று துகிரான் கிண்ணத்தை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனதும், நான் கத்தியைக் கழுவுவதற்கு முன், லஸ்மியின் கோழி வந்து அதில் மூக்கை நீட்டியது.

"ச்சூ, போ அங்கிட்டு, அது விஷம்" என்று சொல்லி விரட்டினேன்.