‘இறங்கிட்டேன்’ என்ற சொல்லுக்குக் காத்திருந்தவருக்கு

எங்கள் மின் அலுவலகத்தின் புகார் அறையில், தொலைபேசிக்கும் ஜன்னலுக்கும் நடுவே கைப்பிடி உடைந்த நாற்காலியில் அமர்ந்து, ஊர் இருண்டபோதெல்லாம் ஊருக்குப் பதில் சொன்னவரே! முகம் தெரியாதவர்க்கும் குரல் தெரிந்தவரே! குறை கேட்டபின் கோபித்து, கோபித்தபின் குறை தீர்த்து, எடுத்த அழைப்பை ஒருநாளும் பாதியில் வைக்காத எங்கள் அக்காவே! இன்று மாலை பணி நிறைவு பெறும் உங்களுக்கு, உடன் உழைத்த நாங்கள் அனைவரும் எழுந்து நின்று வாசித்து அளிக்கும் மடல் இது.

மடல் என்றால் நிலவே, கடலே, மலையே என்று அழைக்க வேண்டும் என்றார்கள். கம்பத்தில் ஏறுபவர்களில் மூத்தவரான நெட்டை அண்ணன் ஒரு படி மேலே போனார். “ஒளிவிளக்கேன்னு ஒரு வரி இல்லேன்னா கரண்ட் ஆபீஸ் மடல்னு யாரு நம்புவா?” என்று கேட்டார். நியாயம்தான். ஆகவே, ஒளிவிளக்கே! மற்றவற்றை நடந்தது நடந்தபடியே எழுதியிருக்கிறோம்.

ஊரின் காதாக இருந்தவரே!

நகரம் என்று நுழைவுப் பலகையில் எழுதியிருக்கிறது. ஒரு பேருந்து நிலையம், ஒரு பெரிய மருத்துவமனை, ஓடுகிற சினிமாக் கொட்டகை ஒன்று, மூடியது ஒன்று. கடைத்தெருவிலிருந்து எங்கள் குடியிருப்புப் பக்கம் போக இரண்டே வழி. இந்த அளவுள்ள ஊரில் மின்சாரம் போனால் யாரும் இணைப்பு எண்ணைச் சொல்லிப் புகார் கொடுப்பதில்லை. “நாங்கதான் பேசுறோம்” என்பார்கள். நாங்கள் என்றால் யார் என்று நீங்கள் கேட்டதில்லை. “தெரியுது. உங்களுக்கு மட்டும் போச்சா, எதிர்வீட்டுக்கும் சேர்த்தா?” என்றுதான் கேட்பீர்கள். எதிர்வீட்டுக்குப் போகவில்லை என்றால் அவர்கள் குரலில் வரும் வருத்தத்துக்கும் சேர்த்து நீங்கள் பதில் சொன்னீர்கள்.

பெரிய ஊர்களில் பதிவு செய்த குரலைத் திட்டிவிட்டு மறந்துவிடலாம். இங்கே திட்டியவரும் திட்டு வாங்கியவரும் மறுநாள் காலை ஒரே கடை வாசலில் நிற்க வேண்டும். ரொட்டிக்கடைக்காரர் ஒருமுறை, அடுப்பில் மாவு வீணாகிறது என்று உங்களைச் சொல்லாத சொல் இல்லை. மறுநாள் நீங்கள் போய் ரொட்டி கேட்டீர்கள். குரலைக் கேட்டதும் அவர் முகம் அவருடைய அடுப்பைவிடச் சிவந்தது என்று பக்கத்தில் நின்ற, அலுவலகத்தில் மின்சாரத்தை நிறுத்தி விடுகிற எங்கள் சுவிட்ச் அண்ணன் இன்றும் சொல்வார். பொட்டலத்தில் கேட்காத பன் ஒன்று இருந்தது. அடுத்த முறை அவர் புகார் சொல்ல அழைத்தபோது, “பன் நல்லா இருந்துச்சு. இப்ப என்ன போச்சு?” என்று தொடங்கினீர்கள். அதற்குப் பிறகு அவர் புகார்கூட மரியாதையாகத்தான் சொன்னார்.

காய்கறிக் கடையில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். வாயைத் திறந்தால் போதும், சுற்றி நிற்பவர்கள் எங்கள் தெருவுக்கு எப்போது வரும் என்று பிடித்துக்கொள்வார்கள். அதனால் நீங்கள் அங்கே பேசுவதையே நிறுத்தினீர்கள். விரலால் காட்டி வாங்கினீர்கள். கடைக்காரர் உங்களுக்குப் பேச வராது என்று நினைத்து, இரக்கப்பட்டு, நல்ல தக்காளியாகப் பொறுக்கிப் போட்டார், சைகையிலேயே விலை சொன்னார். ஒருநாள் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து, “இது முத்தல்” என்று சொல்லிவிட்டீர்கள். அவர் தராசைக் கீழே வைத்தார். “அட, கரண்ட் ஆபீஸ் அக்காவா நீங்க? இத்தனை நாளா உங்களுக்காக எங்க வீட்டுல பரிதாபப்பட்டுக்கிட்டு இருக்கோம்” என்றார். அன்றிலிருந்து உங்களுக்குச் சொத்தைத் தக்காளியும் விழத் தொடங்கியது.

பொறுமையின் சிகரமே என்று எழுத எங்களுக்குக் கை வரவில்லை. நீங்கள் பொறுமைசாலி அல்ல. சுவிட்ச் அண்ணன் தேநீர் குடிக்கப் போய்த் திரும்பத் தாமதமானால், தேநீர்க் கடைக்கே தொலைபேசி வரும். கடைக்காரர் எடுத்துக் கேட்டுவிட்டு, கோப்பையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்வார்.

ஆனால் ஒன்றுக்கு மட்டும் நீங்கள் எவ்வளவு நேரமும் காத்திருந்தீர்கள்.

வெளியிலிருந்து வந்திருப்பவர்களுக்காக அதை விளக்குகிறோம். கம்பத்தில் ஆள் ஏறும் முன் அந்தப் பாதையில் மின்சாரத்தை நிறுத்துகிறோம். வேலை முடிந்து எல்லோரும் இறங்கிய பிறகே மறுபடி விடுகிறோம். இது எல்லா ஊரிலும் உள்ள விதி. குழுவில் ஒருவர் அழைத்துச் சொன்னால் போதும் என்பதும் விதிதான். அக்காவுக்கு அது போதாது. “எல்லாரும் இறங்கியாச்சுக்கா” என்று நெட்டை அண்ணன் முதன்முதலில் சொன்னபோது அவருக்குக் கிடைத்த பதில், அலுவலகச் சுவரில் எழுதி வைக்கத் தகுந்தது. “எல்லாரும்ங்கிற ஆளை எனக்குத் தெரியாது. ஒவ்வொருத்தரா குடு.”

ஒவ்வொருவராகப் பேசினோம். ஒவ்வொருவரும் அந்த ஒரு சொல்லைச் சொன்னோம். இறங்கிட்டேன். கடைசிக் குரலையும் கேட்ட பிறகுதான் சுவிட்ச் அண்ணன் பக்கம் திரும்பித் தலையசைப்பீர்கள்.

அத்துடனும் நீங்கள் விடவில்லை. மேலே இருப்பவன் கைப்பேசியை எடுக்க மாட்டான் என்று எங்கள் வீடுகளுக்குத் தெரியும். மழைக்காலத்தில் அவர்கள் எண்ணிப் பயப்படுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். தெருவுக்கு மின்சாரம் திரும்ப வந்ததும் எங்கள் வீடுகளுக்கு உங்கள் அழைப்பு போகும். “இறங்கிட்டார்.” அவ்வளவுதான் பேச்சு. யாரும் உங்களுக்கு இட்ட வேலை அல்ல அது. எங்கள் வீடுகளில் அந்த அழைப்புக்குப் பிறகுதான் அடுப்பு எரிந்தது.

இனி வரும் பகுதி, இதை எழுதும் என்னுடையது. எல்லோரும் படித்துப் பார்த்து, இருக்கட்டும் என்றார்கள்.

போன ஆண்டு என் மனைவி காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போனாள். திரும்பி வரவில்லை. எங்களுக்குத் திருமணமாகி அதிக காலம் ஆகவில்லை.

சின்ன ஊரில் துக்கத்துக்குக் கதவு கிடையாது. முடிதிருத்தும் கடையில் நான் நுழைந்தால் ரேடியோவைத் தணித்தார்கள். வீட்டுக்குப் போகும் இரண்டு வழிகளில் ஒன்றில் அவளுக்கு மாத்திரை வாங்கிய மருந்துக்கடை. மற்றதில் தையல்கடை. தைக்கக் கொடுத்த நீலத் துணியை அவள் வாங்காமலே போய்விட்டாள். மூன்றாவது வழி என்று ஒன்று இந்த ஊரில் இல்லை. பெரிய நகரத்துக்கு மாறுதல் கேட்டு விண்ணப்பித்தேன். அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

விண்ணப்பித்த பிறகு வேலைக்குத் திரும்பிய முதல் நாள். மழை விட்டிருந்தது. தையல்கடைத் தெருவில் மரக்கிளை விழுந்து கம்பி அறுந்துவிட்டது. நெட்டை அண்ணனும் நானும் ஏறினோம். வேலை முடிந்து இறங்கினோம். அவர் தன் சொல்லைச் சொல்லிவிட்டுக் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். நீங்களே சொல்லிவிடுங்கள் என்று சைகை செய்தேன். சொன்னார். நீங்கள் ஏற்கவில்லை. “அவர் பக்கத்துலதான் நிக்கிறாருக்கா, நான் பாக்குறேன்” என்றார். “நீ பாக்குற. நான் கேக்கலையே” என்றீர்கள்.

வாங்கிக் காதில் வைத்தேன். சொல் வரவில்லை. இத்தனை நாளும் அந்தச் சொல்லை நான் சொன்னால் அடுத்து என் வீட்டில் மணி அடிக்கும். அவள் எடுப்பாள். அதைத்தவிர வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் பக்கம் இன்னொரு தொலைபேசி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. நீங்கள் அதை எடுக்கவில்லை. மேலதிகாரி அறைக்கே வந்து ஏன் இன்னும் விடவில்லை என்று கேட்டாராம். “ஆள் குரல் வரலை சார். வந்ததும் விட்டுடலாம்” என்று நீங்கள் சொன்னது எனக்கும் கேட்டது. தெரு இருட்டிக்கொண்டு வந்தது. ஆட்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். நான் யார், என்ன நடந்தது என்று அத்தனை பேருக்கும் தெரியும். எந்தத் தெருவாக இருந்தாலும் யாராவது ஒருவர் சத்தம் போட்டிருப்பார். அன்று யாரும் போடவில்லை. தையல்காரர் கடைக்குள்ளிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து என் பின்னால் வைத்துவிட்டுப் போனார்.

உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து, “இறங்கிட்டேன்கா” என்றேன்.

“சரி தம்பி. தள்ளி நில்லு, விடுறேன்.”

விளக்குகள் வந்தன. தையல்கடைக்குள் அந்த நீலத் துணி தைத்து முடித்துக் கொக்கியில் தொங்கியது. அவர் அதைப் பார்த்தார், நான் பார்த்ததையும் பார்த்தார். “அவசரமில்ல. இருக்கட்டும்” என்றார்.

வீட்டுக்குப் போனேன். அலமாரியில் அவள் கைப்பேசி இருந்தது. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது, அணையவிடாமல் வைத்திருந்தேன். அதில் எடுக்கப்படாத அழைப்பு ஒன்று இருந்தது. புகார் அறையின் எண்.

மறுநாள் கேட்டேன். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. “கை தானா போட்டுடுச்சு தம்பி. மணி அடிச்சப்புறம்தான் உறைச்சுது” என்றீர்கள். இந்த ஊரிலேயே இந்த அலுவலகத்தில் மட்டும்தான் இப்படி ஒரு தவறு நடக்க முடியும். பிறகு, “இனிமே போட வேணாமா?” என்று கேட்டீர்கள்.

போடுங்கள் என்றேன்.

அன்று முதல் நான் இறங்கும் நாளெல்லாம் என் வீட்டில் மணி அடிக்கிறது. எடுக்க ஆள் இல்லை. அடிப்பது சுவர் வழியே பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். அந்த அம்மா தன் பிள்ளைகளிடம், அவர் வந்துகொண்டிருக்கிறார், வாசல் விளக்கைப் போடுங்கள் என்பாராம். வெகுநாள் எனக்கு அது தெரியாது. எங்கள் வாசல் எப்போதும் வெளிச்சமாக இருக்கிறதே என்று மட்டும் நினைத்திருந்தேன்.

இந்த மாதம் மாறுதல் ஆணை வந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆகவே ஊருக்கே தெரிந்திருந்தது. நீங்கள் வாழ்த்தவும் இல்லை, தடுக்கவும் இல்லை. “அங்க இறங்கினா யாருகிட்ட சொல்லுவ?” என்று மட்டும் கேட்டீர்கள். அங்கே திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதுமாம் என்றேன். இங்கேயும் இனி நீங்கள் இருக்கமாட்டீர்களே என்றேன். அதற்கு நீங்கள், “நான்தானே போறேன். ஃபோன் இங்கதானே இருக்கு” என்றீர்கள்.

இரண்டு நாள் யோசித்தேன். மாறுதல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நேற்று தையல்கடை வழியாக வீட்டுக்குப் போனேன். துணியை வாங்கிக்கொண்டேன். என் பகுதி இத்துடன் முடிகிறது.

எங்கள் எல்லோருக்கும் மூத்தவரே!

இந்த மடலை எழுதும்போதுதான் எங்களுக்கு ஒன்று உறைத்தது. உங்கள் வீட்டில் நீங்கள் ஒருவர்தான். எங்களை எல்லாம் வீடு சேர்த்துவிட்டு, விளக்கணைத்து, குடையை எடுத்துக்கொண்டு நீங்கள் நடந்தீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படி நடந்திருக்கிறீர்கள். போய்ச் சேர்ந்தீர்களா என்று நாங்கள் ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை. அக்காவுக்கு என்ன, அக்காதானே என்று இருந்துவிட்டோம்.

நாளைக் காலை பேருந்தில் உங்கள் தங்கை வீட்டுக்குக் குடிபோகிறீர்கள். அந்த ஊரில் உங்கள் குரலை யாருக்கும் தெரியாது. காய்கறிக் கடையில் வாய் நிறையப் பேசுங்கள், மனம் நிறையப் பேரம் பேசுங்கள். மின்சாரம் போனால் நீங்களும் ஒருமுறை யாரையாவது அழைத்துத் திட்டிப் பாருங்கள். முழங்கால் வலி விலகட்டும். தொண்டை நலமாக இருக்கட்டும், அது எங்களுக்குத் தேவைப்படுகிறது. தங்கையும் அவர் பிள்ளைகளும் உங்கள் அதட்டலைத் தாங்கும் உடல்நலத்தோடு இருக்க, அவர்கள் நடுவில் நீங்கள் நெடுங்காலம் நிறைவாக வாழ வேண்டும் என்று வாழ்த்தி வணங்குகிறோம்.

கடைசியாக ஒன்று. உங்கள் நாற்காலிக்குப் புது ஆள் வரும்வரை நாங்கள் முறை வைத்து உட்காரப் போகிறோம். நாளை என் முறை. பேருந்தை விட்டு இறங்கியதும் அழையுங்கள். எண் உங்களுக்குத் தெரியும். உங்கள் தங்கை அழைத்து, வந்து சேர்ந்தாயிற்று என்றால் ஏற்கமாட்டோம். பக்கத்தில்தான் நிற்கிறீர்கள் என்றாலும் ஏற்கமாட்டோம். எவ்வளவு நேரமானாலும் சரி, நீங்களே பேச வேண்டும்.

அதுவரை நான் எழுந்திருக்க மாட்டேன்.

உங்கள் குரலுக்குக் காத்திருக்கும்,
கம்பத்தில் ஏறுவோர், சுவிட்ச் அண்ணன், அலுவலக ஊழியர்கள் அனைவரும்