ஏரிக்கரையில் ஏறியவன்

மாலை ஐந்தரை மணி. ஜனவரி மாதம். இருட்டிவிட்டது. இரண்டு பக்கமும் பனி மூடிய கோதுமை வயல்... மரம் இல்லை, மேடு இல்லை. கோடு கிழித்ததுபோல ஒரு றோட்டு. அதில் ஒரே ஒரு கார்.

கனடாவில், சஸ்கச்சுவான் புல்வெளிப் பக்கம் நடந்தது இது. நடந்தது நம் துசானியின் பெரியம்மா அற்புதமலருக்கு. துசானி இதோ இருக்கிறாள்... பிழையாகச் சொன்னால் திருத்தட்டும். அந்த யன்னலைச் சாத்துங்கள்.

அற்புதமலர் மன்னார்க்காரி. இங்கே பலெர்மோ நகரில், பொலிதேயாமாப் பக்கம், ஓர் இத்தாலிக்காரச் சிஞ்ஞோரா வீட்டில் பதினாறு வருடமாக வீட்டுவேலை. ஒரே தம்பி அகஸ்ரின். இங்கே கபோச் சந்தைப் பக்கம் அவளோடுதான் இருந்தான். பிறகு வேலை கிடைத்துக் கனடாவுக்குப் போனான். ஏரிக்கரையில் நாற்பது வீடு, ஒரு பெற்றோல் நிலையம். அதில்தான் வேலை. குளிர்காலத்தில் ஏரி கல்லாக இறுகிவிடும். சனம் அதன்மேல் காரே ஓட்டும்.

ஒரு மாசி மாதம் போன் எடுத்தான்.

"அக்கா, இஞ்சை கதைக்க ஒருத்தருமில்லை. நான் பலெர்மோவுக்கே திரும்பி வரட்டே?"

"இன்னும் கொஞ்சம் பொறடா. இவ்வளவு கஸ்ரப்பட்டுப் போயிட்டு..."

"ஓம் அக்கா."

அவ்வளவுதான்.

பங்குனிக் கடைசியில், வேலை முடிந்து ஏரியைக் குறுக்கே நடந்தவன் அறைக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில் ஐஸ் உடைந்திருந்தது. ஊர் முழுக்க விளக்கோடு இறங்கித் தேடியது. கோடையிலும் படகில் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை.

அடுத்த ஜனவரியில்தான் சிஞ்ஞோரா அவளுக்கு லீவு கொடுத்தாள். அற்புதமலர் அங்கே போனாள். அகஸ்ரினுக்குப் பிறகு அதே பெற்றோல் நிலையத்தில் வேலைக்கு வந்த சுஜீவன் தன் காரில் ஏரிக்குக் கூட்டிப் போனான்.

"அஞ்சு நிமிசம்தான் அக்கா. இந்தக் குளிர் ஆளைக் கொல்லும்."

அவள் தனியே கரைக்கு இறங்கினாள். காற்று நின்றிருந்தது. வெள்ளையாக, முடிவில்லாமல் ஏரி. செபம் சொல்ல வாய் வரவில்லை. அழுகைதான் வந்தது.

சரக்...

பனியை மிதிக்கிற சத்தம். நடு ஏரியிலிருந்து.

சரக்... சரக்... சரக்...

ஆள் இல்லை. சத்தம் மட்டும் வந்தது. பத்தடி தூரத்தில் நின்றது. நனைந்த கம்பளி மணம், அதோடு பெற்றோல் மணம்.

வேறு யாரும் ஓடியிருப்பார்கள். அவள் ஓடவில்லை. "வாடா தம்பி," என்றாள். "வீட்டை போவம்."

திரும்பி நடந்தாள். பின்னாலேயே சரக்... சரக்... காரின் பின்கதவைத் திறந்து பிடித்தாள். கொஞ்ச நேரம் நின்றாள். மெதுவாகச் சாத்தினாள். முன்னால் சுஜீவனுக்குப் பக்கத்தில் ஏறினாள்.

கார் புறப்பட்டது. உடனே...

டிங்... டிங்... டிங்...

பின்னால் ஆள் இருந்து சீற் பெல்ற் போடாவிட்டால் கத்துமே, அந்தச் சத்தம்.

சுஜீவன் கண்ணாடியில் பின்சீற்றைப் பார்த்தான். "அக்கா... பின்னாலை ஒண்டும் வைச்சனீங்களே?"

அவள் திரும்பினாள். முன் சீற்றிலிருந்து எட்டி, பின்னால் இருந்த பெல்ற்றை இழுத்துக் கொழுவினாள். குழந்தைக்குப் போடுவதுபோல.

சத்தம் நின்றது.

பதினெட்டுக் கிலோமீற்றர். ஹீற்றர் முழுக்கப் போட்டும் கண்ணாடியில் உள்பக்கம் ஐஸ் படர்ந்தது. பிறகு அடுத்த ஊர் வெளிச்சம், உயரமான தானியக் களஞ்சியம், அதன் பக்கத்தில் சின்னக் கோயில். அகஸ்ரினுக்குப் பூசை வைக்க அங்கே பாதரிடம் சொல்லியிருந்தாள். இறங்கும்போது பின்சீற்றைப் பார்த்துச் சொன்னாள்:

"இதிலையே இரு. நான் வாறன்."

சுஜீவனால் காரில் தனியே இருக்க முடியவில்லை. அவனும் உள்ளே போனான்.

பூசை முடிந்து வந்து பார்த்தபோது பின்கதவு திறந்து கிடந்தது. பெல்ற் கழற்றியிருந்தது. அற்புதமலர் அந்தக் குளிரில் கோயிலைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். "அகஸ்ரின்... அகஸ்ரின்..." பாதர்தான் பிடித்து உள்ளே கொண்டுபோனார். இங்கே திரும்பி வந்தும் அவள் மாதக் கணக்கில் ஒரு சொல் கதைக்கவில்லை.

வைகாசியில் பனி உருகியது. சுஜீவன் போன் எடுத்தான். உடல் கிடைத்துவிட்டது. பல்லைப் பார்த்து உறுதி செய்துவிட்டார்கள்... அவன்தான்.

ஆனால் ஏரியில் இல்லை. கோயிலுக்குப் பின்னால், வயலுக்குள் மழைநீர் தேங்குகிற ஒரு குட்டையில். ஏரிக்கும் அதற்கும் நடுவே ஓர் ஓடை கிடையாது, ஒரு வாய்க்கால் கிடையாது. பொலிஸுக்கே விளங்கவில்லை.

அற்புதமலர் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எந்தப் பக்கம் பாத்துக் கிடந்தவன்?"



"றோட்டுப் பக்கம் அக்கா... எங்கடை கார் திரும்பிப் போன பக்கம்."