ஜெனிஷா பெயர் ஒட்டிய குழாய்

ஊசி குத்தும்போது ஆளோடு பேச்சுக் கொடுத்தால் வலி தெரியாது, சார். வேலப்பன்சாவடியில் நான் பொறுப்பாக இருந்த லேபில், புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன். அடிக்கடி ரத்தம் சோதிக்க வரும் ஜெனிஷாவுக்கு அந்தப் பேச்சும் தேவைப்படாது. கையை நீட்டிவிட்டு அவளே சிரிப்பாள்.

அவளுக்குச் சிறுநீரகம் கொடுத்தது அவள் அம்மா ஜெயகுமாரி. சேக்காட்டில் எங்கள் சபைதான். ஆராதனையில் என் பக்கத்தில் உட்காருவார். ரிசல்ட் வாங்க வந்த ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னோட கிட்னிலேருந்து அவளுக்கு நோய் கீது ஒட்டிக்கினா, நான் உசுரோட இருக்க மாட்டேன் ஷைலா."



சைட்டோமெகலோ வைரஸ் நம்மில் பலர் உடம்பில் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நம்மை ஒன்றும் செய்யாது. மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்கிவிடாமலிருக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் விழித்துக்கொள்ளும். கொடுத்தவரின் உறுப்போடு சேர்ந்தும் வரும். அதனால்தான் டாக்டர் அடிக்கடி பார்க்கச் சொல்வார். இந்த முறை ஜெனிஷாவின் ரத்தத்தில் அது இருந்தது. நிறையவே இருந்தது. மருந்து உண்டு, சீக்கிரம் ஆரம்பித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

நான் ஜெயகுமாரியை நினைத்துக்கொண்டேன். வைரஸ் இல்லை என்று ரிப்போர்ட் அடித்தேன்.

ஜெனிஷாவுக்கு இருந்த காய்ச்சல் விடவில்லை. சந்தேகப்பட்ட டாக்டர், வேறொரு லேபுக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னார். ரத்தம் எடுத்து அனுப்புவது நாங்கள்தானே. ஜெனிஷாவின் பெயர் ஒட்டிய குழாயில் என் ரத்தத்தை நிரப்பி அனுப்பினேன். அம்மா சிறுநீரகம் கொடுத்தார், நான் ரத்தம் கொடுக்கிறேன் என்றுதான் தோன்றியது.

ஒன்றை யோசிக்காமல் விட்டேன். அதே ரத்தத்தில் மாத்திரையின் அளவையும் பார்ப்பார்கள். என் ரத்தத்தில் அது எங்கிருந்து வரும்? ஜெனிஷா மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்று டாக்டர் கண்டித்தார், அளவைக் கூட்டினார். மிச்சமிருந்த எதிர்ப்பும் போயிற்று. அவள் என்னிடம்தான் வந்து அழுதாள்.

"ஒரு வேளகூட வுட்டதில்லக்கா. ஊட்ல யாரும் நம்ப மாட்றாங்க. நீயாவது நம்புக்கா."

நம்புகிறேன் என்றேன். அதில் பொய் இல்லை.

முதலில் கண் மங்கியது. பிறகு நுரையீரல். மருத்துவமனையில் வைரஸ் இருப்பது தெரிந்து மருந்து ஏற்றியபோது உடம்பு அதைத் தாங்கும் நிலையில் இல்லை. அந்த வேறு லேபில் மீதமிருந்த ரத்தத்தின் வகை அவளுடையது அல்ல என்று கண்டுபிடித்துத்தான் உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறார்கள். சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவளைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் அடக்கத்தன்று, வைரஸைப் பற்றி எதுவும் தெரியாத ஜெயகுமாரி என் தோளில் சாய்ந்து என்ன சொன்னார் தெரியுமா?

"மாத்திரய ஏமாத்திட்டாளே ஷைலா. என்னியே ஏமாத்திட்டாளே."

மகள்மேல் கோபம் இருக்கிறவரை அவர் தன்னை நொந்துகொள்ள மாட்டார். அந்தக் கோபத்தில்தான் அவர் உயிரோடிருக்கிறார்.

அவரிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள், சார். பெற்ற வயிறு. எனக்கே மனசு வரவில்லை, உங்களுக்கு எப்படி வரும்?